மாடி தாண்டி வந்த பாதாம்

டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் வித்யா என்று ஒரு பெண் இருக்கிறாள். அகதிகளுக்கு உதவும் ஏதோ ஒரு நிறுவனத்தில் வேலை. போன வாரம் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஆன்ட்டி, நீங்களும் இதே லைன்லதான் இருந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. இப்ப ரொம்ப ஈஸி ஆன்ட்டி. வீட்டுக்குப் போனா ஃபேன் இருக்கா, கூலர் இருக்கா, வாரத்துல எத்தனை தடவை நான்-வெஜ், டிக் பண்ணிட்டே போனா போதும். அதுவே மார்க் போட்டு, உதவி உண்டா இல்லையான்னு சொல்லிடும். நாம யோசிக்கவே வேண்டாம்."

எனக்கு முன்கோபம் அதிகம். வேலையை விட்ட பிறகும் அது என்னை விட்டபாடில்லை. அந்தக் குழந்தையிடம் காட்டக் கூடாது என்று "அச்சா, நல்லது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான்-வெஜ் என்ற ஒரு வார்த்தை போதும், எனக்குப் போகல் சந்தும் ஹமீதாவும் ஞாபகம் வந்துவிடும்.

நான் இந்த வேலைக்குப் படித்தவள் இல்லை. அப்பா மத்திய சர்க்கார் குமாஸ்தா. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பி.ஏ. முடித்து, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு, சர்க்கார் பரீட்சைகளில் வரிசையாகக் கோட்டை விட்டேன். கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். காபூலுக்குள் ரஷ்யப் படை வந்த பிறகு ஆப்கானியர்கள் டெல்லிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் கதியற்றவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிற பொறுப்பு எங்கள் ஆபீசுக்கு வந்தது. ஆள் போதவில்லை என்று டைப் மிஷினிலிருந்து என்னை எழுப்பி, வீடு பார்க்கப் போகிறவர்களோடு அனுப்பினார்கள். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

விதி சுலபமானது. அகதி இங்கே வேலை பார்க்கக் கூடாது, அதற்கு அனுமதி கிடையாது. வேறு வருமானமும் இல்லை என்று நாங்கள் நேரில் பார்த்து எழுதினால் பணம் உண்டு. வசதி இருக்கிறது என்று எழுதினால் நின்றுவிடும். வேலையும் செய்யாதே, பணமும் கிடையாது என்றால் ஒரு மனிதர் என்ன செய்வார் என்று அந்த விதியைப் போட்டவர்களை நான் இன்றுவரை சபித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மேலே இருந்தவர் மிஸஸ் மல்ஹோத்ரா. பிரிவினையின்போது லாகூரிலிருந்து சிறு பெண்ணாக ஓடி வந்தவர். கூடாரத்தில் வளர்ந்தவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கறுப்புக் கைப்பை, வலது முழங்காலில் ஓயாத வலி. ஒரு பைசா யாரிடமும் வாங்க மாட்டார். ஒரு ஆப்கானியக் கிழவருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க வேண்டும் என்று விடியற்காலையில் போய் வரிசையில் நின்றவர். கெட்டவர் என்று எழுத என்னால் முடியாது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்திருந்தால் எனக்கு இந்தக் கதை எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அவர் வீடு பார்க்கிற முறையே தனி. சொல்லாமல் போவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் சமையல் மூலைக்குப் போய்விடும். உட்கார்ந்தால் கைப்பையை மடியை விட்டு இறக்க மாட்டார். தண்ணீர் கொடுத்தாலும், தேநீர் கொடுத்தாலும், "ஆஜ் மேரா வ்ரத் ஹை" என்பார். வாரத்தில் ஏழு நாளும் அவருக்கு விரதம்தான். ஆபீஸ் ஆட்கள் அகதி வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது விதி. அதை முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல வேண்டாமே என்று கடவுள் மேல் பழியைப் போட்டார். பிறகு மெல்ல எழுந்து போய், டப்பா மூடிகளை ஒற்றை விரலால் தூக்கிப் பார்ப்பார்.

"கல்யாணி, கண்ணீர் யாரு வேணும்னாலும் விடலாம். டப்பா பொய் சொல்லாது," என்று எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்.

நிஜாமுதீனை அடுத்த போகல் என்ற பேட்டையில் ஒரு சந்து முழுக்க ஆப்கானியக் குடும்பங்கள். எல்லாம் மொட்டை மாடியில் ஒற்றை அறை, பர்சாத்தி என்று இங்கே சொல்வோம். மழைக்காலம் முடிந்த ஒரு வியாழக்கிழமை, காலையிலிருந்து வரிசையாக அந்த வீடுகளை ஏறி இறங்கினோம். முதல் வீட்டில் எங்களைப் பார்த்ததும் தரையில் நீளமாக ஒரு துணியை விரித்தார்கள். அதன் மேல் ஏலக்காய் போட்ட தேநீர். கண்ணாடிக் கிண்ணத்தில் பாதாமும் திராட்சையும் சர்க்கரைப் பாகு பூசிய கடலையும். மிஸஸ் மல்ஹோத்ரா விரதத்தைச் சொன்னார், நானும் தலையை ஆட்டினேன். அடுத்த வீட்டிலும் துணி, தேநீர், பாதாம். அதற்கடுத்த வீட்டிலும் அதே.

அந்தக் கிண்ணத்து மூடியில் குமிழ் உடைந்து, அதில் மருந்துக்கடைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. மூன்றாவது வீட்டில்தான் அது என் கண்ணில் பட்டது. நாங்கள் ஒரு வீட்டுப் படியில் இறங்கி, அடுத்த வீட்டுப் படியில், முழங்கால் வலிக்காரியோடு நின்று நின்று ஏறுவதற்குள், கிண்ணம் மொட்டை மாடி கைப்பிடிச் சுவரைத் தாண்டி எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் மூடியைத் திறக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பெண் மூச்சு வாங்குகிற சத்தம்கூடக் கேட்டது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இருமுவதுபோல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைசி மாடியில் ஹமீதா. முப்பது வயதுகூட இருக்காது. காபூலில் பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். புருஷனைச் சிப்பாய்கள் வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள், அவன் திரும்பவில்லை. மாமியாரையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மலை தாண்டி வந்தவள். காபூலில் ஹிந்திப் படம் பார்த்துப் பார்த்தே ஹிந்தி கற்றுக்கொண்டாளாம். அதனால் அவளோடு பேச எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை.

அங்கே துணியில் கிண்ணம் மட்டும் இல்லை. ஒரு பெரிய தட்டில் புலாவும் இருந்தது. சீவிய கேரட், திராட்சை, நடுவில் ஆட்டு இறைச்சி. ஆவி பறந்தது. சின்னவள் தட்டுப் பக்கம் கையை நீட்டினாள். மாமியார் கிழவி அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு குழந்தைகளும் அந்தத் தட்டைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அது அவர்களுக்காகச் சமைத்தது இல்லை என்று. மிஸஸ் மல்ஹோத்ராவும் தட்டைத்தான் பார்த்தார். வார நாளில், பகல் வேளையில், இறைச்சி.

திரும்பும்போது ஆட்டோவில் நான் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"மேடம், எல்லா வீட்லயும் வந்தது ஒரே கிண்ணம். பிளாஸ்திரி போட்ட மூடி. மாடி வழியா அனுப்புறாங்க."

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "கிண்ணம் இரவல். அச்சா. உள்ளே இருந்தது?" என்றார்.

"அதுவும் இரவல்தான் மேடம். அந்தப் புலாவ்கூடப் பக்கத்து வீட்ல ஆக்கினதாம், ஜெர்மனியிலேருந்து யாரோ பணம் அனுப்பிச்சாங்களாம். அவ பெரிய பொண்ணு இறங்கும்போது எங்கிட்ட சொன்னா."

"அப்போ சந்து முழுக்கச் சேர்ந்து நம்மை ஏமாத்துது."

"ஏமாத்தறதா இருந்தா இல்லாத மாதிரி இல்ல காட்டுவாங்க? இருக்கற மாதிரி காட்டி அவங்களுக்கு என்ன மேடம் லாபம்?"

"தேக்கோ கல்யாணி," என்றார், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "எங்களுக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்தது. எங்க அம்மா ஸ்வெட்டர் பின்னி வித்தா. ஒரு நாளும் யாருக்கும் பாதாம் வைக்கலை. நாம எழுத வேண்டியது கண்ணால பார்த்ததை. மனசால பார்த்ததை எழுத ஆரம்பிச்சா நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு எழுதுவோம்."

அன்று வீட்டில் என் அம்மாவிடம் கிண்ணம் மாடி தாண்டிய கதையைச் சொல்லிச் சிரித்தேன். அம்மாவுக்கு எத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் பேச்சு திருநெல்வேலியை விட்டு நகராது.

"ஏட்டி, இதுல சிரிக்கதுக்கு என்ன கெடக்கு? உன்னைப் பொண்ணு பாக்க வந்தாங்கள்லா, அன்னைக்கு எதிர் குவாட்டர்ஸ்ல இருந்துதான நாற்காலியும் வெள்ளித் தம்ளரும் வாங்கியாந்தோம்? வந்தவங்க முன்னால வெறும் தரையவா காட்ட முடியும்? நல்லவேளை, அவங்க அதை வச்சு உங்க அப்பா சம்பளத்தைக் கொறைக்கல."

எனக்கு அத்தோடு சிரிப்பு போய்விட்டது. அந்தச் சந்தில் பல வீடுகளுக்கு அந்த மாதத்தோடு உதவி நின்றது. ஹமீதாவுக்கும் நின்றது. ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை உண்டு, அதுவரை ஒன்றும் செய்ய முடியாது.

நானாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மாடிக்குப் போனேன். அன்றும் துணி விரித்தாள். ரொட்டித் துண்டும் சர்க்கரை இல்லாத தேநீரும் இருந்தன. நான் உடைத்தே சொன்னேன்.

"ஹமீதா, அடுத்த தடவை மேடம் வரும்போது ஒண்ணுமே வைக்காதே. துணியை விரிக்காதே. பசிச்சா பசிக்குதுன்னு சொல்லு. உன் குழந்தைங்களுக்காகச் சொல்றேன்."

அவள் அதைத் தன் மொழியில் மாமியாருக்குச் சொன்னாள். கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள். ஹமீதா தலையைக் குனிந்தபடி எனக்குச் சொன்னாள்: "பஹன்ஜி, அம்மா சொல்றாங்க, வீடு போச்சு, மகன் போனான், ஊர் போச்சு. வாசல்ல வந்த ஆளை வெறுங்கையா உட்கார வைக்கற நிலைமையும் வரணும்னா, அப்புறம் நாங்க யாருன்னு எங்களுக்கே தெரியாது. அவங்க எழுதறதை எழுதட்டும்னு சொல்றாங்க."

நான் என்ன செய்வேன்? மேலே எழுதிப் பார்த்தேன், மிஸஸ் மல்ஹோத்ராவோடு சண்டை போட்டேன், விதியை மாற்ற எங்கள் யாருக்கும் அதிகாரம் இல்லை என்ற பதில்தான் வந்தது. இடையில் ஹமீதா என்னென்னவோ செய்து பார்த்தாள். கரோல் பாகில் ஒரு தையல் கடையில் சேர்ந்தாள், அனுமதி இல்லாத வெளிநாட்டுக்காரி என்று தெரிந்ததும் கடைக்காரன் கூலியே கொடுக்காமல் அனுப்பினான். போலீசுக்குப் போ பார்க்கலாம் என்றானாம்.

குளிர்காலத்தில் மறுபடி போனபோது அறையில் புது ரஜாய்கள், தடித்த பஞ்சுப் போர்வைகள், இருந்தன. கேஸ் அடுப்பு இருந்தது. பெரியவள் காலில் புது பூட்ஸ். கிழவி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், நான் சலாம் சொன்னதற்கும் திரும்பவில்லை. துணி விரிக்கவில்லை. ஹமீதா என்னை உள்ளே உட்காரச் சொல்லாமல் மொட்டை மாடிக்குக் கூட்டி வந்தாள். வெயிலில் நின்றோம்.

"வேலை கிடைச்சிருக்கு பஹன்ஜி. நிஜாமுதீன் பக்கத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ். அரபு நாட்டுலேருந்து வைத்தியத்துக்கு வர்றவங்க தங்கறாங்க. அவங்களுக்கு மொழிபெயர்க்கற வேலை."

"நல்லது. நீ படிச்சவ, உனக்கு ஏத்த வேலை," என்றேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அரபி தெரியாது பஹன்ஜி."

கீழே சந்தில் யாரோ காலிஃபிளவர் கூவிக்கொண்டு போனார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை. தன் நாட்டுப் பெண் ஒருத்தியே ஒருநாள் ஒரு தரகனைக் கூட்டி வந்தாள், முதலில் மொழிபெயர்ப்பு என்றுதான் சொன்னார்கள் என்றாள். தெரிந்தேதான் போனேன், யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். அவள் ஒருத்தி மட்டும் இல்லை. உதவி நின்ற வீடுகளில் இன்னும் சிலர் அந்த வழியில் போனார்கள். கணவனை இழந்தவர்கள், கணவன் எங்கே என்று தெரியாதவர்கள், படித்தவர்கள், படிக்காதவர்கள். ஆபீசில் அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் 'செல்ஃப் சப்போர்ட்டிங்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள், தன் காலில் நிற்கிறவர்கள் என்று. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஹோலிக்குப் பிறகு மறுபரிசீலனை வந்தது. மிஸஸ் மல்ஹோத்ராவுக்கு முழங்கால் வீக்கம், படி ஏறி முடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது. ஹமீதா கதவோரம் நின்றாள். வாருங்கள் என்று சொல்லவில்லை. தரை வெறுமையாக இருந்தது. நாங்களாகவே உட்கார்ந்தோம். கேள்விகளுக்கு ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வந்தது. தேநீர் இல்லை, ஒன்றுமே இல்லை. அவ்வளவு வருஷத்தில் நான் பார்த்திராத காரியத்தை மிஸஸ் மல்ஹோத்ரா அன்று செய்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "பேட்டீ, கொஞ்சம் தண்ணி கொடேன்," என்று கேட்டார்.

ஹமீதா அசையவில்லை. "கீழே கடையில குடிச்சுக்குங்க," என்றாள்.

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த கிழவியின் முதுகு குலுங்கியது. மிஸஸ் மல்ஹோத்ரா அவளைப் பார்த்தார், காலித் தரையைப் பார்த்தார், எழுந்துவிட்டார். வலியில் அவர் கண் அன்று சமையல் மூலைக்கோ புது அடுப்புக்கோ போகவில்லை, டப்பாக்கள் பக்கம் அவர் போகவே இல்லை. படியில் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். "ஒரு வாய் தண்ணி கொடுக்க முடியாத அளவுக்கு வந்திருக்காங்க பாரு. இதுதான் கஷ்டம். இதுக்குத்தான் நம்ம பணம்," என்றார்.

நான் கைக்குட்டையை மறந்துவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி மறுபடி மேலே ஓடினேன். ஹமீதா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் ஹமீதா? நான் சொன்னதுக்காகவா இப்படிச் செஞ்சே?"

"உங்களுக்காக இல்லை பஹன்ஜி," என்றாள். "இந்த வீட்ல இப்ப எல்லாம் இருக்கு. அரிசி இருக்கு, எண்ணெய் இருக்கு, அந்தக் குடம்கூடப் புதுசு. எல்லாம் அந்தக் காசுல வாங்கினது. அதுலேருந்து எப்படி எடுத்து ஒரு விருந்தாளிக்குக் கொடுப்பேன்?"

கொடுக்க ஒன்றும் இல்லாதபோது இரவல் வாங்கிக் கொடுத்தாள், பணக்காரி என்று எழுதினோம். வீடு நிறைந்த பிறகு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கூசி நின்றாள், ஏழை என்று எழுதினோம். என் மேஜையில் அந்த அறிக்கையை நானேதான் டைப் அடித்தேன். உண்மையைச் சொன்னால் பணம் வராது. அதனால் வாயை மூடிக்கொண்டேன், அதில் எனக்கு இன்றுவரை வெட்கம் இல்லை. உதவி திரும்பி வந்தது.

பணம் கொடுக்கிற நாளில் ஆபீஸ் வராந்தாவில் வரிசை நிற்கும். அந்த மாதம் ஹமீதா வந்து நின்றபோது, அவளுக்கு முன்னால் நின்ற அதே சந்துப் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். பின்னால் வந்தவர்களும் நெருங்கவில்லை. அவள் எதையும் கவனிக்காததுபோல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அவள் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு வெளிச்சம் இருந்தது.

"பஹன்ஜி, இந்தப் பணம் நல்ல பணம். வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு வாங்க. சந்துல எல்லாரையும் கூப்பிடப் போறேன். இனிமே அங்கே போகமாட்டேன்."

விதியாவது ஒன்றாவது என்று போனேன். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். துணி அறை முழுக்க விரித்திருந்தது, மிச்சம் மாடி வரை நீண்டிருந்தது. புது அரிசி, புது எண்ணெய், கடையில் வாடகைக்கு எடுத்த பாத்திரத்தில் சமைத்திருந்தாள். ஒரு பெரிய அண்டா நிறையப் புலாவ். எனக்கு இறைச்சி ஆகாது என்று நினைவு வைத்து, கத்தரிக்காயை வதக்கித் தயிர் ஊற்றித் தனியாக வைத்திருந்தாள். பாதாம்கூட அன்று சொந்தப் பாதாம். கிழவி வெள்ளை முக்காடு போட்டு, சுவரை விட்டுத் திரும்பி, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மசூதியிலிருந்து ஆண்கள் சந்துக்குத் திரும்பி வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது. பக்கத்து மாடிகளில் கதவு திறந்தது, சாத்தியது. பெரியவள் கைப்பிடிச் சுவரோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். அடுத்த மாடியில் துணி காயப்போட வந்த ஒருத்தி, அவளைக் கண்டதும் ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பக்கத்து வீட்டு அத்தை வர்றேன்னு சொன்னாங்களே," என்றாள் குழந்தை. ஹமீதா அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

நான் ரொட்டியைக் கத்தரிக்காயில் தொட்டுச் சாப்பிட்டேன். இன்னொரு ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான் சாப்பிட்டு அவளுக்கு என்ன ஆகப்போகிறது? நான் ஆபீஸ்காரி. அவள் காத்திருந்தது தன் மனிதர்களுக்காக. வெயில் சாய்ந்து மாடிச் சுவரின் நிழல் துணி மேல் ஏறியது. சின்னவள் அதன் ஓரத்திலேயே சுருண்டு தூங்கிவிட்டாள். கிழவி மட்டும் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் கிளம்ப எழுந்தபோது ஹமீதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. ஆபீசில் மனுக் கொடுக்கிற குரலில்தான் பேசினாள்.

"பஹன்ஜி, போனதும் மேடம்கிட்ட சொல்லுங்க. கண்ணால பார்த்ததைத்தானே எழுதுவீங்க? இந்த வீட்ல அண்டா நிறைய சோறு மிஞ்சிக் கிடக்கு, சாப்பிடத்தான் ஆள் இல்லைன்னு எழுதுங்க. பணத்தை நிறுத்திடுங்க."

அடுத்த மாதப் பட்டியலில் அவள் பெயர் அப்படியே இருந்தது, வரிசையில் அவள் வந்து நிற்கவில்லை.